விற்பனைக்கு அல்ல

பூட்டிக் கிடக்கும் கம்பெனியின் சைக்கிள் ஷெட்டில் குடித்தனம் நடத்துகிறவர்கள் விடிவதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் சாலையில் முதல் ஷிப்டுக்கு ஆட்கள் நடக்கத் தொடங்குவதற்குள் பாயைச் சுருட்டி, அடுப்பை அணைத்து, நாலு செங்கல்லையும் சுவரோரம் தள்ளிவிட்டு, எங்கிருந்தோ எங்கேயோ போகிறவர்களைப் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை சகாயம்மாள் விழித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா சகாயம், ஆளுங்க வர நேரமாச்சு" என்றான் ஜெயபால், சட்டையை மாட்டிக்கொண்டே.

"வரட்டும். பாக்கறவன் பாத்துட்டுப் போவட்டும். இன்னியோட முடிஞ்சுது."

இதே கம்பெனியில்தான் ஜெயபால் லேத் ஓட்டினான். இதே ஷெட்டில்தான் தினமும் சைக்கிளை நிறுத்திப் பூட்டுவான். ஒருநாள் காலை கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு நெமிலிச்சேரி வாடகை வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாக வெளியேறியது. முதலில் பீரோ. அப்புறம் கட்டில். அப்புறம் சகாயம்மாளின் தையல் மிஷின். விற்க எதுவும் மிச்சமில்லை என்றானபோது, அவர்களே வெளியேறினார்கள்.

வாட்ச்மேன் திருவேங்கடம் சின்ன கேட்டைத் திறந்துவிட்டார். "நான் பாக்கல, நீங்க இல்ல" என்றார். அவ்வளவுதான். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய், மறுபடி மழைக்காலம் வந்துவிட்டது. நடுவில் கட்டிய பழைய புடவைதான் சுவர். இந்தப் பக்கம் இவர்களும் மகள் அருள்செல்வியும், அந்தப் பக்கம் அங்கம்மாவும் அவளுடைய இரண்டு பெண்களும். அவள் அதே கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்தவள். புருஷன் செத்து வெகுநாளாகிறது.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. மாதா கோயிலைச் சேர்ந்த திருக்கரம் சேவா சங்கத்தின் செயலாளர் செபாஸ்டியன் சார் போன வாரம் ஷெட்டுக்கே வந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். கள்ளிக்குப்பத்தில் ஒரு வீடு. அட்வான்ஸும் மூன்று மாச வாடகையும் சங்கம் தரும். கட்டில், பீரோ, மேஜை, அதுவும் தரும். அடுத்து அங்கம்மாவின் முறை என்றார்.

சகாயம்மாள்தான் கைகூப்பினாள். கொடுப்பதை வாங்குவதில் அவளுக்கு வெட்கம் எதுவும் இல்லை. "நல்லா இருந்தப்போ நாமளும் கோயில் உண்டியல்ல போட்டவங்கதான்" என்று கணவனுக்கும் சொன்னாள்.

அந்தக் காலையில் புடவைச் சுவரை அவிழ்க்கப் போனபோது அங்கம்மா அந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் யக்கா. எங்களுக்கு மறைப்பு வாணாவா?"

சகாயம்மாள் முடிச்சை விட்டுவிட்டாள். "அடுத்த மாசம் நீயும் வந்துடுவே. என் வீட்டுக்குப் பக்கத்துலயே பாக்கச் சொல்றேன்."

"நீ மொதல்ல போய் பாலைக் காய்ச்சு. எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வை" என்று சிரித்தாள் அங்கம்மா.

* * *

கள்ளிக்குப்பத்து வீடு முன்பக்கம் மாடி, பின்பக்கம் ஓடு போட்ட ஒரு போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையல் இடம், வாசலில் அடிபம்பு. வீட்டுக்காரி லோகநாயகி மாடியில் தனியாக இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். பேச்சில் சுற்றிவளைப்புக் கிடையாது.

சாவியைச் சகாயம்மாளின் கையில் வைத்தாள்.

"வெள்ளை அடிச்சு ஒரு வாரம்தான் ஆவுது. செவுத்துல ஆணி அடிக்கறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டு அடிங்க. ஆமா, திண்டிவனத்துல மழை எப்படி?"

சகாயம்மாளுக்குப் புரியவில்லை. திண்டிவனத்தை அவள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஜெயபால் சொன்னான்:

"பரவால்லீங்க. நல்ல மழை."

லோகநாயகி தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனாள். சகாயம்மாள் கணவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இன்னாது அது, திண்டிவனம்?"

ஜெயபால் தரையைப் பார்த்தான். "சார்தான் அப்படிச் சொல்லி வெச்சிருக்காரு. அவரு சம்சாரத்தோட சொந்தக்காரங்க, வேலை மாத்தலாகி வர்றோம்னு. ஷெட்டுல இருந்தோம்னா யாரு வீடு குடுப்பாங்க?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அந்த அம்மாகிட்ட போய் நெசத்தைச் சொல்லிடுவே."

அது உண்மைதான். அதனால்தான் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் தன்னை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதையே தனக்கு எதிராக உபயோகித்திருக்கிறான். புது வெள்ளையின் வாசனை மூக்கில் ஏறியது. எத்தனை ஆசையாக நினைத்திருந்த வாசனை! இப்போது தொண்டையில் கரித்தது.

"நாளைக்கு அந்த அம்மா திண்டிவனத்துல எந்தத் தெருன்னு கேட்டா இன்னா சொல்லுவே? நாளன்னிக்கு நம்ம பொண்ணைப் பாக்க யாராவது வந்தா? வாழ்நாள் பூரா திண்டிவனத்து மழையைப் பத்திப் பேசிகினு இருக்கப் போறியா?"

ஜெயபால் பதில் சொல்வதற்குள் தெருவில் மணி கணகணவென்று ஒலித்தது. மூன்று சக்கர மீன்பாடி வண்டி. சாமான் வந்துவிட்டது.

* * *

வண்டிக்காரன் செங்கல்வராயன் தெருக்கோடியிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வந்தான். பார்க்காதவர்களும் பார்த்தார்கள். பம்படியில் குடம் வைத்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

வண்டியில் இரும்புப் பீரோ நிமிர்த்தி வைத்துக் கட்டப்பட்டிருந்தது. பச்சைப் பீரோ. அதன் இரண்டு கதவிலும் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பெயிண்டில் உள்ளங்கை அகல எழுத்துகள்:

திருக்கரம் சேவா சங்கம். வீடற்றோர்க்கு அன்பளிப்பு. விற்பனைக்கு அல்ல.

கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலும் அதே எழுத்து. மேஜையின் விளிம்பிலும் அதே.

சகாயம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நேற்று மாலை கோயில் மண்டபத்தில் இந்தப் பீரோவைத் தொட்டுப் பார்த்தபோது அதில் ஒரு கீறல்கூட இல்லையே!

"காலைலதான் ஆளை வெச்சு எழுதினாங்க" என்றான் செங்கல்வராயன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "ஈரம்கூடக் காயல. பாத்து எறக்குங்க, கையில ஒட்டிக்கும்."

மாடிப்படியில் லோகநாயகி நின்றிருந்தாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். உதடு அசைவது தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, கடைசிவரை படித்தாள். பிறகு கீழே இறங்கி வந்தாள்.

"வீடற்றோர்க்கா? யாரு வீடற்றோர்?"

ஜெயபால் வண்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாத்தே, வண்டியைத் திருப்பு. ஊடு மாறி வந்துட்டே."

"இன்னாபா, இதானே விலாசம்" என்றான் செங்கல்வராயன்.

"திருப்புன்னா திருப்பு!"

அவன் குரல் உடைந்தது. லேத் பட்டறையில் பத்து மிஷின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் குரல் அது. தெருவே பார்க்க அது உடைந்ததைக் கேட்டதும் சகாயம்மாளுக்கு உள்ளே எதுவோ விறைத்து நின்றது. படியிறங்கி வந்து, கயிற்றிலிருந்து கணவனின் கையை எடுத்துவிட்டாள்.

"வண்டி சரியாத்தான் வந்துகீது" என்றாள். "வீடற்றோர் நாங்கதாம்மா."

பம்படியில் யாரோ குடத்தை நகர்த்தும் சத்தம்.

"திண்டிவனம்னு சொன்னாங்க..."

"திண்டிவனம் பொய். எஸ்டேட்ல மூடிக்கெடக்கே ஒரு கம்பெனி, அதோட சைக்கிள் ஷெட்ல இருந்து வர்றோம். இவரு அதே கம்பெனில லேத் ஓட்டினவரு. கம்பெனியை மூடினாங்க. வாடகை குடுக்க முடியல. இருந்ததை வித்துத் தின்னோம். அப்புறம் ஷெட்டுல படுத்தோம். அவ்வளவுதான் கதை."

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?" லோகநாயகியின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் தனியா இருக்கற பொம்பளை. வர்றவங்க யாரு இன்னான்னு தெரிஞ்சுதானே சாவி குடுக்கணும்? சாவியைக் குடும்மா."

சகாயம்மாள் சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள். அந்த முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பொய்யை எங்க வாயால சொல்லல. ஆனா இவருக்குத் தெரியும், எனக்கும் செத்த முன்னாடி தெரிஞ்சுபோச்சு. அது தப்புதான், மன்னிச்சுக்கோங்க. ஆனா சாவியைத் தர மாட்டேன்."

"தர மாட்டியா?"

"மாட்டேம்மா. நாங்க திருடல, குடிச்சு அழிக்கல. என் பொண்ணு ஷெட்டுல படுத்து எழுந்து, ஒருநாள்கூட லீவு போடாம வேலைக்குப் போறா. வீடு இல்லாதவங்கன்னா வீட்டை வெச்சுக்கத் தெரியாதவங்கன்னு அர்த்தம் இல்ல. ஒரு மாசம் பாருங்க. அப்புறமும் பிடிக்கலன்னா நானே சாவியைக் கொண்டாந்து உங்க கையில வெக்கறேன்."

லோகநாயகி அவளை மேலும் கீழும் பார்த்தாள். என்ன நினைக்கிறாள் என்று முகத்தில் தெரியவில்லை.

"அந்த சார் வரட்டும்" என்றாள். "அவரைத்தான் நான் மொதல்ல கேக்கணும்."

* * *

செபாஸ்டியன் சார் வருவதற்கு முன்னால் அருள்செல்வி வந்துவிட்டாள்.

பதினேழு வயது. ஃபேன் கம்பெனியில் இறக்கைக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை. சனிக்கிழமை அரை நாள். புது வீட்டைப் பார்க்கும் ஆசையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்தவள், வண்டியைப் பார்த்ததும் நின்றாள். படித்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவன் சுவரோரம் குந்தி, முழங்காலுக்கு நடுவே தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் முனைக் கடையிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தாள். பெயிண்டைக் கரைக்கும் தின்னர். சோற்று மூட்டை கட்டிவந்த துணியை அவிழ்த்து அதில் ஊற்றினாள்.

"நைனா, எழுந்து பீரோவைப் பிடி. ஈரமாத்தான் கீது, வந்துடும்."

முதலில் 'வீடற்றோர்க்கு' என்பதைத் தேய்த்தாள். சிவப்பு பச்சையில் கரைந்து சேறுபோல வழிந்தது. அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டர் வந்து நின்றது. செபாஸ்டியன் சார். பின்னால் கழுத்தில் காமிரா தொங்க ஒரு போட்டோக்காரர்.

"ஏய், ஏய்! என்ன பண்றே நீ? நிறுத்து!"

அருள்செல்வி நிறுத்தவில்லை. சகாயம்மாள் மகளுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"வாங்க சார். நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். நேத்து இல்லாத எழுத்து இன்னிக்கு எப்படி வந்துச்சு?"

செபாஸ்டியன் சார் கெட்ட மனிதர் இல்லை. ரிட்டையர் ஆன பிறகு வீட்டில் சும்மா இருக்காமல், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய சாமான் வாங்கி, பழுது பார்த்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறவர். அதனாலேயே அவருக்குத் தன் நியாயத்தில் சந்தேகம் வந்ததே இல்லை.

"சகாயம்மா, பொறுமையாக் கேளு. போன தடவை ஒருத்தனுக்குக் கட்டில் கொடுத்தோம். ஒரே வாரத்துல வித்துட்டான். கொடுத்தவங்க என்னைக் கேட்கறாங்க. நான் என்ன பதில் சொல்வேன்? எழுதியிருந்தா எவனும் வாங்க மாட்டான். இது உங்களைக் குறை சொல்றதுக்கு இல்லை. ஒரு ஒழுங்கு, அவ்வளவுதான்."

"நாங்க வித்துடுவோம்னு நினைச்சீங்களா?"

"நினைக்கலை. ஆனா..."

"நானும் வித்தவதான் சார். என் கட்டிலை வித்தேன், பீரோவை வித்தேன், மிஷினை வித்தேன். பசிச்சா மறுபடியும் விப்பேன். அந்தக் கட்டில் வித்தவன் ஊட்ல அன்னிக்கு அடுப்பு எரிஞ்சுதா இல்லியான்னு யாராவது போய்ப் பாத்தீங்களா?"

செபாஸ்டியன் சாருக்கு முகம் சிவந்தது. லோகநாயகி படியில் நின்றபடியே கேட்டாள்:

"சார், உங்க சம்சாரத்துக்கு திண்டிவனத்துல எந்தத் தெரு?"

போட்டோக்காரர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். செபாஸ்டியன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லதுக்குத்தாம்மா சொன்னேன். இல்லைன்னா நீங்க வீடு கொடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள் லோகநாயகி. "ஆனா அதை நான்ல முடிவு பண்ணணும்? நீங்க எங்கிட்ட மறைக்கச் சொன்னதைத்தானே நீங்களே பீரோவுல எழுதி ஊர்கோலம் விட்டிருக்கீங்க!"

செபாஸ்டியன் சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய கோபம் சகாயம்மாள் பக்கம் திரும்பியது.

"கடைசியாச் சொல்றேன். எழுத்து இருக்கும். மூணு பேரும் சாமானோட நின்னு ஒரு போட்டோ எடுக்கணும். சங்கத்து ஆண்டு மலர்ல போடணும். இஷ்டம்னா வெச்சுக்கோங்க. இல்லைன்னா சாமானைத் திருப்பி அனுப்புங்க."

சகாயம்மாள் கட்டிலைப் பார்த்தாள். நல்ல தேக்குக் கட்டில். யாரோ பெரிய வீட்டுக்காரர் கொடுத்திருக்க வேண்டும். ஷெட்டின் சிமென்ட் தரையில் படுத்துப் படுத்து இடுப்பில் இறங்கியிருந்த வலி, அந்தக் கட்டிலைப் பார்த்ததும் தானாகவே ஒருமுறை சுண்டியது. பீரோவில் வைக்க அவளிடம் அதிகம் இல்லை. ஆனாலும் பெண் பிள்ளை துணியைப் பூட்டி வைக்க ஒரு கதவு வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறாள்!

"செங்கல்வராயன் அண்ணே, வண்டியைத் திருப்புங்க" என்றாள்.

"யம்மா!" என்றாள் அருள்செல்வி. கையிலிருந்த துணியிலிருந்து சிவப்பு சொட்டியது.

"உடு. சார், சாமானைக் குடுக்கறதா இருந்தா சாமானாக் குடுங்க. தலைமாட்டுல உங்க சங்கத்தைப் படிச்சுகினே தூங்கறதுக்கு எங்களால ஆவாது. கட்டில் இல்லாம படுக்கறது எங்களுக்குப் பழக்கம்தான்."

"அப்ப அட்வான்ஸையும் திருப்பி வாங்கிக்கறேன்!" என்றார் அவர்.

"எங்கிட்டயா?" என்றாள் லோகநாயகி. "இந்தக் குடும்பத்துக்கு வீடு குடுக்கறதுக்காக வாங்கினது சார் அது. காலி பண்ணும்போது இவங்க கையில குடுப்பேன். உங்க கையில எதுக்குக் குடுக்கணும்?" பிறகு சகாயம்மாளின் பக்கம் திரும்பி, "நீ ஜெயிச்சுட்டேன்னு நினைக்காதே. ஒரு மாசம் கேட்டே. பாப்பேன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

செபாஸ்டியன் சார் ஸ்கூட்டரை மிதித்தார். முதல் மிதியில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் கிளம்பியது. கிளம்பும்போது சொன்னார்:

"உன்னால எத்தனை பேருக்கு நஷ்டம்னு உனக்கு இன்னும் தெரியலை, சகாயம்மா."

அது எந்த அர்த்தத்தில் சொன்னது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. வண்டி மணி அடித்துக்கொண்டே தெருமுனையில் திரும்பும் வரை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

* * *

மாலையில் பால் காய்ச்சினாள். சுவரில் ஆணி இல்லாததால் மாதா படத்தை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். பால் பொங்கி வழிந்ததும் அருள்செல்வி கைதட்டினாள். மனசு அவ்வளவு கனத்த நாளிலும் சகாயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

ஜெயபால் மட்டும் பாலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"எம்மேல கோவமா?" என்றான்.

"கோவந்தான்."

"நான் வெக்கப்பட்டேன் சகாயம். பத்து பேருக்குத் தொழில் கத்துக்குடுத்தவன், தெருவுல நிக்கறேன்னு சொல்ல வாய் வரல."

"கம்பெனிக்குப் பூட்டு போட்டவங்க வெக்கப்படட்டும். நீ ஏன் படறே? பாலைக் குடி."

அவன் குடித்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓடு ஒழுகவில்லை. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்து, ஒழுகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டார்கள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

வாசலில் அங்கம்மா. தலையில் மூட்டை. மூட்டைக்கு மேலே அந்தப் பழைய புடவை நனைந்து, இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அவளுடைய இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பாத்திரத்தை அணைத்துக்கொண்டு.

"இன்னா அங்கம்மா, இந்த மழையில?"

"பால் குடிக்க வந்தேன்" என்றாள் அங்கம்மா. அது வேடிக்கையான குரல் இல்லை. "எடுத்து வெச்சிருக்கியா?"

சகாயம்மாளின் கை கதவிலேயே நின்றது.

"அந்த சார் நேரா ஷெட்டுக்கு வந்தாரு. இனிமே இங்க கீற யாருக்கும் சங்கம் ஒண்ணும் பண்ணாது, சகாயம்மா பண்ணின வேலைக்கு அவளைப் போய்க் கேளுங்கன்னு கத்தினாரு. அவரு போட்ட சத்தம், பூட்டைப் பாத்துட்டுப் போவ வந்திருந்த கம்பெனி ஆபீஸ் ஆளு காதுல விழுந்துச்சு. உள்ள குடித்தனம் நடக்குதான்னு திருவேங்கடம் அண்ணனை ஏசினான். ராத்திரிக்குள்ள காலி பண்ணுன்னுட்டான்." அங்கம்மா முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைப் புறங்கையால் வழித்தாள். "பீரோவுல நாலு எழுத்து இருந்தா உனக்கு இன்னாக்கா? எம் புள்ளைங்க நெத்தியில எழுதறேன்னு சொன்னாக்கூட நான் சரின்னு சொல்லியிருப்பேன். ஒரு கூரை கெடைச்சா போதும்னு இருந்தேன். உன் மானம் உனக்குப் பெருசு. அதுக்கு நான் மழையில நிக்கணுமா?"

அங்கம்மாவின் சின்னப் பெண் அலுமினியக் குண்டானைக் கட்டிக்கொண்டு நின்றாள். மழைத்தண்ணீர் அதற்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் தெருவில் தலைநிமிர்ந்து நின்றபோது இந்தக் குழந்தையின் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லையே என்று சகாயம்மாளுக்குச் சுருக்கென்றது.

"நான் பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன் அங்கம்மா" என்றாள் மெதுவாக. "மறுபடி வண்டி வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன். ஆனா அதுக்கு நீ விலை குடுக்கக் கூடாது. மூட்டையை எறக்கு. உள்ள வா."

"உள்ள வந்து? நாளைக்கு?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சதும் சங்கத்துக்காரங்க எல்லாம் மண்டபத்துல கூடுவாங்க. நீயும் நானும் போறோம். எம்மேல கோவம்னா எனக்கு நிறுத்தட்டும். உனக்கு வர வேண்டியதை நிறுத்த அந்த சார் ஒருத்தருக்கு யாரு அதிகாரம் குடுத்தாங்கன்னு எல்லார் முன்னாடியும் கேப்போம். நீ எழுத்தோட வாங்கிக்கறதா இருந்தாலும் வாங்கிக்கோ. அது உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அங்கம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். கோபம் போகவில்லை. ஆனாலும் மூட்டையை இறக்கினாள். அருள்செல்வி ஓடிவந்து சின்னப் பெண்ணின் குண்டானை வாங்கித் தண்ணீரைக் கொட்டினாள். ஈரப் புடவையை உதறி ஜன்னல் கம்பியில் போட்டாள்.

"யாரது கீழே?" மாடியிலிருந்து லோகநாயகியின் குரல். "எத்தனை பேரு?"

படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. சகாயம்மாள் திரும்பினாள். ஒரு மாசம் கேட்டவள் ஒரு நாள்கூட முடியாமல் இன்னும் மூன்று பேரை வீட்டுக்குள் அழைத்திருக்கிறாள். என்ன சொல்வது என்று அவள் வார்த்தை தேடுவதற்குள், ஜெயபால் எழுந்து அவளைத் தாண்டி வாசலுக்குப் போனான். குடையோடு நின்ற லோகநாயகியை நேராகப் பார்த்தான்.

"இவங்க அங்கம்மா. எங்களோட சைக்கிள் ஷெட்டுல இருந்தவங்க" என்றான். குரல் உடையவில்லை. "இன்னிக்கு அங்கயும் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு இடம் கெடைக்கற வரைக்கும் எங்க கூட இருப்பாங்க. உங்ககிட்ட சொல்லாம வெச்சுக்க எனக்கு இஷ்டம் இல்லீங்க. அதான் சொல்லிட்டேன்."

லோகநாயகி குடையை மடக்கி வாசலில் சாய்த்தாள். செருப்பைக் கழற்றினாள். அவனைத் தாண்டி உள்ளே வந்து, வெறும் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். உட்கார ஒன்றும் இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு, நடுவீட்டுத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்திட்டு எல்லாரும் உக்காருங்க" என்றாள். "பேசணும்."